துணைக்கு வந்தவர்கள்

2009 பெப்ரவரி 10ஆம் திகதி, புதுமாத்தளன் கரையிலிருந்து காயக்காரர்களை ஏற்றிக்கொண்டு ஒரு கப்பல் திருகோணமலைத் துறைமுகத்துக்கு வந்தது. சர்வதேசச் செஞ்சிலுவைச் சங்கத்தின் பொறுப்பில் வந்த கப்பல் அது. புதுக்குடியிருப்பு வைத்தியசாலை எறிகணை வீச்சுக்கு இலக்காகிக் கைவிடப்பட்ட சில நாட்களுக்குள், கடல் ஒன்றே எஞ்சிய வழி என்ற நிலையில், மீன்பிடி வள்ளங்களில் ஏற்றி, ஆழ்கடலில் நின்ற கப்பலுக்கு மாற்றி, ஏறக்குறைய 240 பேரை முதல் தடவை கொண்டுவந்தார்கள். இரண்டு நாட்களில் இன்னுமொரு தொகுதி. பிறகு 'கிறீன் ஓசன்' என்ற கப்பலின் பெயர் எங்கள் செய்திக் குறிப்புகளில் வழக்கமான சொல்லாகிவிட்டது. மே 9ஆம் திகதி கடைசிப் பயணம் முடிந்தபோது ஏறத்தாழ 14,000 பேர் அந்த வழியால் வந்து சேர்ந்திருந்தார்கள்.

அந்த நாட்களில் நான் கொழும்பில் பணிபுரிந்துகொண்டிருந்தேன். இரண்டு தடவை திருகோணமலைக்குப் போனேன். துறைமுகத்துக்குள் எங்களைப் போன்றவர்கள் நுழைய முடியாது. வைத்தியசாலை வாசலுக்கு எதிரே நின்று, வருகிற அம்புலன்ஸ் வண்டிகளையும் பேருந்துகளையும் எண்ணுவதோடு எங்கள் வேலை முடிந்துவிடும். அப்படி எண்ணிய ஒரு மாலையில்தான், நான் எழுதிய எந்தச் செய்தியிலும் இடம்பெறாத ஒன்றைக் கவனித்தேன். பேருந்துகளிலிருந்து இறங்கியவர்களில் கணிசமானோர் காயக்காரர்கள் அல்லர். ஒரு துணி மூட்டையுடன் ஒரு தாய். ஒரு கையில் சேலைன் போத்தலை உயர்த்திப் பிடித்தபடி ஒரு சிறுமி. கணவனின் காலுக்குக் கீழே தன் சேலையை மடித்து வைத்துக்கொண்டே வந்த ஒரு பெண்.

செஞ்சிலுவைச் சங்கத்தின் அறிக்கைகள் இவர்களையும் சேர்த்துத்தான் கணக்குச் சொல்லின: 'காயமடைந்தோர், நோயாளர், அவர்களுடன் வந்த உறவினர்'. பத்திரிகையில் நாங்கள் சுருக்கி எழுதும்போது அந்த மூன்றாவது சொல்லை வெட்டிவிட்டோம். இடப் பற்றாக்குறை என்று காரணம் சொல்லலாம். உண்மையில், அது செய்தியாகவே எங்களுக்குத் தோன்றவில்லை.

இத்தனை வருடங்கள் கழித்து அந்த மூன்றாவது சொல்லைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது.

திருகோணமலைப் பொது வைத்தியசாலை அவ்வளவு பேரைத் தாங்கக் கூடியதாக இருக்கவில்லை. கந்தளாய், பொலன்னறுவை, மன்னார், வவுனியா என்று நோயாளரைப் பிரித்து அனுப்பினார்கள். மார்ச் நடுப்பகுதியிலிருந்து மாவட்டத்தின் வட எல்லையிலுள்ள புல்மோட்டையில் இந்திய மருத்துவக் குழுவினர் ஒரு கள வைத்தியசாலையை அமைத்து, வந்த கப்பல்களை அங்கே எதிர்கொண்டார்கள். மருத்துவர்களும் தாதியரும் செய்த பணி பெரிது. அதைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமன்று. ஆனால் உணவு ஊட்டியதும், மலசலம் எடுத்ததும், இரவில் விழித்திருந்ததும், மொழி தெரியாத வாட்டுகளில் வலிக்கிற இடத்தைக் கைச்சைகையால் காட்டியதும் துணைக்கு வந்தவர்கள்தான். அறுவைச் சிகிச்சை சில மணித்தியாலங்களில் முடிந்துவிடும். மற்ற வேலை முடியவில்லை. முதுகெலும்பில் குண்டுச் சிதறல் பட்டு இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தவரின் விடயத்தில் அது அவரது ஆயுள் வரைக்கும் முடிவதில்லை.

முள்ளந்தண்டுக் காயத்தைப் பற்றி அறியாதவர்களுக்காக இதைச் சொல்கிறேன். உணர்வற்ற உடலுக்கு வலி தெரியாது. வலி தெரியாத காரணத்தால் அவர் தானாகப் புரள்வதில்லை. ஒரே பக்கமாகச் சில மணித்தியாலம் கிடந்தாலே எலும்பு துருத்தும் இடங்களில் தோல் சிவந்து, பிறகு கறுத்து, படுக்கைப் புண்ணாகிவிடும். ஆகவே இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, இரவிலும், யாராவது புரட்டிவிட வேண்டும். சிறுநீர்க் குழாயைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும்; தவறினால் கிருமி சிறுநீரகத்துக்கு ஏறும். இவர்களில் அநேகரைக் கொல்வது பழைய காயமன்று. புண்ணும் சிறுநீர்த் தொற்றும்தான். ஆக, ஒருவர் உயிரோடிருப்பாரா என்பதை இரவு இரண்டு மணிக்கு எழும்பக்கூடிய இன்னொருவர் தீர்மானிக்கிறார். இந்தக் கலையை முறையாகக் கற்பிக்கும் றாகமை புனர்வாழ்வு வைத்தியசாலை கொழும்புக்கு அருகில் இருக்கிறது. கிழக்குக் கரையிலிருந்து அங்கே போய்வருவதற்கு ஒரு முழு நாள் போதாது.

வீட்டில் வைத்துப் பராமரிப்பது எமது பண்பாடு என்று மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். மேல்நாட்டவர்கள் பெற்றோரை இல்லங்களில் தள்ளிவிடுகிறார்கள், நாம் அப்படியல்ல என்று. வரலாற்றைப் புரட்டினால் இந்தப் பெருமை அவ்வளவு உறுதியாக நிற்பதில்லை.

பிரித்தானியர் காலத்து இலங்கையில் இயலாதவரைப் பராமரிப்பது என்றால் பெரும்பாலும் அவரை அப்புறப்படுத்துவதுதான். 1873இல் சித்த சுவாதீனமற்றோருக்கான கட்டளைச் சட்டம் வந்தது. 1956இல் திருத்தப்பட்டபோதும் அதன் அடித்தளம் மாறவில்லை. மனநோயாளி என்று நீதிமன்றம் தீர்த்தால் போக வேண்டிய இடம் கொழும்புதான். கறுவாத்தோட்டம், பின்னர் அங்கொடை. 'அங்கொடை' என்ற ஊர்ப்பெயர் எங்கள் பேச்சு வழக்கில் வசைச் சொல்லாகிப்போனது இதனால்தான். தொழுநோயாளரைக் கட்டாயமாகப் பிரித்து வைக்கும் சட்டம் 1901இல் வந்தது. கிழக்கில் அவர்களுக்கென்று ஒதுக்கப்பட்டது மட்டக்களப்பு வாவியிலுள்ள மாந்தீவு. பெயரிலேயே தீவு. நான்கு புறமும் நீர் இருந்தால் மதில் கட்டும் செலவு மிச்சம்.

ஏழைகளுக்கும் முதியோருக்கும் என்ன இருந்தது? 1939இல் வறியோர் சட்டம் என்று ஒன்று நிறைவேறியது. வறியவரைத் தாங்கும் பொறுப்பை உள்ளூராட்சிக்கு அளித்த சட்டம். அது நடைமுறைக்கு வந்தது கொழும்பு, கண்டி, காலி ஆகிய மூன்று மாநகரங்களில் மாத்திரம். திருகோணமலை அப்போது பேரரசின் மிகப் பெறுமதியான கடற்படைத் துறைகளில் ஒன்று. எண்ணெய்க் குதங்களும் கப்பற்பட்டறையும் பீரங்கி மேடைகளும் நிறைந்த நகரம். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் வந்து குண்டு போடும் அளவுக்கு அதற்கு முக்கியத்துவம் இருந்தது. வறியோர் சட்டத்துக்கு மட்டும் அது முக்கியமான ஊராகத் தெரியவில்லை.

ஐவர் ஜெனிங்ஸ் தலைமையிலான சமூக சேவைகள் ஆணைக்குழுவின் அறிக்கை 1947இல் வெளியானது. மறு வருடம் சமூக சேவைத் திணைக்களம் உருவாகி, பொதுசன உதவி என்ற மாதாந்தக் கொடுப்பனவு நாடெங்கும் பரவியது. எங்கள் சனங்கள் அதற்கு வைத்த பெயர் 'பிச்சைச் சம்பளம்'. அந்தப் பெயரில் இருக்கும் வெட்கத்தையும் ஏளனத்தையும் நான் சிறுவனாக இருந்தபோது கேட்டிருக்கிறேன். வாங்கும் கிழவி தபாற்கந்தோருக்குப் போகும் நாளில் பின்வாசலால் போவாள்.

இதே நாட்டில் இதற்கு நேர் எதிரான இன்னொரு வரலாறும் உண்டு. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு ஆரம்பிக்கப்பட்டது. அதிலிருந்து வளர்ந்த அமைப்பில் மருத்துவமாது ஒவ்வொரு கர்ப்பிணியின் வீட்டுக்கும் நடந்து போனாள். பெயரைப் பதிந்தாள், பிள்ளையை நிறுத்தாள், தாய்க்குச் சொல்லிக் கொடுத்தாள். தாய் சேய் மரணத்தைக் குறைத்ததில் இலங்கை உலகுக்கு உதாரணமாகச் சொல்லப்படுவது இந்தக் கால்நடையால்தான். யுத்த காலத்திலும் திருகோணமலையின் எத்தனையோ கிராமங்களில் சைக்கிளில் வந்த அரச உத்தியோகத்தர் மருத்துவமாது ஒருத்தியாகவே இருந்தாள். வீட்டுக் கதவைத் தட்டுவது எப்படி என்பது இந்த அரசுக்குத் தெரியாத வித்தையல்ல. தொட்டிலுக்காகத் தட்டப்பட்ட கதவு, கட்டிலுக்காகத் தட்டப்படவில்லை.

ஏன்? கட்டிலுக்கு வீட்டில் ஆள் இருப்பதாக எல்லோரும் எண்ணிக்கொண்டார்கள். திருகோணமலையைப் பொறுத்தவரை அந்த எண்ணம் எப்போதோ பொய்த்துவிட்டது. 1985இலும் 1990இலும் ஊர்கள் எரிந்து சனங்கள் சிதறினார்கள். சிலர் மண்டபம் முகாமுக்கு, சிலர் கொழும்புக்கு, வசதியுள்ளவர்கள் கனடாவுக்கும் இலண்டனுக்கும். 2004 டிசம்பர் 26இல் சுனாமி வந்தபோது கிண்ணியா வைத்தியசாலையே அழிந்துபோனது. 2006இல் சம்பூர் மக்கள் இடம்பெயர்ந்து, கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் முகாம்களில் ஏறக்குறைய பத்து வருடங்கள் இருந்தார்கள். 818 ஏக்கர் காணி 2015இலும், கடற்படை முகாம் இருந்த 237 ஏக்கர் 2016இலும் திரும்பக் கிடைத்தபோது, வீடு பார்க்கப் போனவர்களில் சில முதியவர்கள் இருக்கவில்லை. தகரக் கொட்டிலில் படுக்கையாகக் கிடக்கும் ஒரு முதியவரைப் பராமரிப்பது எப்படியிருக்கும் என்று கிளிவெட்டியில் ஒரு நண்பகலில் அரை மணி நேரம் அமர்ந்து பார்த்திருக்கிறேன். அதற்கு மேல் என்னால் உள்ளே இருக்க முடியவில்லை. மகள் நாள் முழுவதும் உள்ளே இருந்தாள்.

கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபரில் திறக்கப்படும் வரை அந்த நீர்ப்பரப்பைப் பாதையில் கடந்தோம். பாதை என்பது எங்கள் பகுதியில் தெருவன்று. வாகனங்களை ஏற்றிக் கரை சேர்க்கும் மிதவை. மூதூரிலிருந்து நகரத்துக்கு வரக் கடல்வழியே லோஞ்ச். படுக்கையாளியைக் கதிரையில் இருத்திக் கதிரையோடு லோஞ்சில் ஏற்றுவதை மூதூர்க்காரர்கள் எல்லோரும் கண்டிருப்பார்கள்.

இதே மூதூர், கிண்ணியாவிலிருந்துதான் பெண்கள் வளைகுடா நாடுகளுக்கு வீட்டுப் பணிக்குப் போனார்கள். மூதூரைச் சேர்ந்த ரிசானா நபீக் 2005இல் சவூதி அரேபியாவுக்கு அனுப்பப்பட்டபோது அவளுக்கு வயது 17. கடவுச்சீட்டில் வயதைக் கூட்டிப் போட்டிருந்தார்கள். பயிற்சி எதுவுமில்லாத அந்தப் பிள்ளையின் கையில் ஒரு கைக்குழந்தையை ஒப்படைத்தார்கள். குழந்தை இறந்தது. 2013 ஜனவரி 9ஆம் திகதி அவளுக்கு மரண தண்டனை நிறைவேற்றினார்கள். அந்தச் சம்பவத்தின் சட்டப் பக்கத்தைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. எனக்கு இன்னொன்றும் தோன்றுகிறது. பராமரிப்பு என்பது எந்தப் பெண்ணுக்கும் இயல்பாகவே தெரிந்த வேலை, அதற்குக் கற்பிக்க ஒன்றுமில்லை என்ற நம்பிக்கையும் அவளை அந்த வீட்டுக்கு அனுப்பிய காரணங்களில் ஒன்று.

2000ஆம் ஆண்டில் இரண்டு நாடுகள் ஒரே பிரச்சினைக்கு இரண்டு விடைகளை எழுதின. ஜப்பானில் ஏப்ரல் மாதம் நீண்டகாலப் பராமரிப்புக் காப்புறுதி நடைமுறைக்கு வந்தது. நாற்பது வயதைக் கடந்த எல்லோரும் அதற்குப் பணம் கட்டுகிறார்கள். தளர்ந்தவரின் நிலையை மதிப்பிட்டு, வீட்டுக்கு வந்து குளிப்பாட்டவும் உணவூட்டவும் பயிற்சி பெற்றவரை அனுப்புகிறார்கள். மருமகள்களின் முதுகில் ஏற்றப்பட்டிருந்த சுமையை நாட்டின் சுமையாக்க வேண்டும் என்ற நீண்ட விவாதத்தின் முடிவு அது. இலங்கையில் அதே வருடம் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. பெற்றோரைப் பிள்ளைகள் வேண்டுமென்றே கைவிடலாகாது என்றது. கைவிடப்பட்ட முதியவர் பராமரிப்புச் சபையில் முறையிட்டுப் பிள்ளையிடமிருந்து பணம் பெறலாம் என்றது. பிள்ளையற்ற, ஆதரவற்ற முதியவருக்கு அரசு வதிவிடம் தரும் என்றது. முதியோர் இல்லம் நடத்துவோர் பதிவு செய்ய வேண்டும் என்றது. நல்ல சட்டம் என்றே அப்போது எழுதினேன். இப்போது திரும்ப வாசிக்கையில், அந்தச் சட்டத்துக்கு இரண்டு வகைப் பிள்ளைகளே தெரிந்திருக்கிறார்கள் என்று படுகிறது. கைவிட்ட பிள்ளை, இல்லாத பிள்ளை. கைவிடாமல் வீட்டிலிருந்து பார்க்கிற மகளுக்கு அதில் பெரிதாக ஒன்றுமில்லை.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வறிய முதியோருக்கு 2012இல் மாதம் 1,000 ரூபாவாக ஆரம்பித்த கொடுப்பனவு, 2025 வரவு செலவுத் திட்டத்தில் 5,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. மாற்றுத்திறனாளிகளுக்கு 7,500 ரூபா 10,000 ஆனது. உயர்வு வரவேற்கத்தக்கது. வயது வந்தோருக்கான பம்பர்ஸ் வாங்கிப் பார்த்தவர்களுக்கு அந்தத் தொகை எத்தனை நாளைக்குப் போதும் என்று நான் விளக்கத் தேவையில்லை.

மேற்கு நாடுகளில் எல்லாம் செம்மையாக நடக்கிறது என்று வாசகர்கள் எண்ணிவிடக் கூடாது. இலண்டனில் வீட்டுப் பராமரிப்பு வேலை செய்யும் நம்மவர்கள் பலரை எனக்குத் தெரியும். ஒருவரை எழுப்பி, கழுவி, உடுத்தி, உணவூட்டி, மருந்து கொடுக்கக் கால் மணி நேரம் ஒதுக்கப்பட்ட கதைகளை அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். 2015இல் அங்குள்ள நைஸ் என்ற மருத்துவத் தர நிறுவனம், பொதுவாக ஒரு வருகை அரை மணி நேரத்துக்குக் குறையலாகாது என்று வழிகாட்டல் வெளியிட வேண்டியிருந்தது என்றால், நடைமுறை எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம். ஆனாலும் அங்கே தவறு நடந்தால் அளந்து பார்க்க ஓர் அளவுகோல் இருக்கிறது. அரை மணி என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். இங்கே வீட்டுக்குள் நடப்பது நல்ல பராமரிப்பா, மோசமான பராமரிப்பா என்று கேட்கும் வழக்கமே இல்லை. கேட்டால் அந்தக் குடும்பத்தை அவமதித்ததாக ஆகிவிடும்.

நம்மிடையே முன்மாதிரி இல்லாமலும் இல்லை. மட்டக்களப்பில் மனநல மருத்துவர் மகேசன் கணேசன், நோயாளியை அங்கொடைக்கு அனுப்பாமல் அவரது ஊரிலேயே வைத்துப் பார்க்கும் சேவையைச் சுனாமிக்கு முன்பே கட்டியெழுப்பினார். வன்னியில் மாங்குளத்தை மையமாகக் கொண்ட 'உயிரிழை' அமைப்பு, முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்கள் தாங்களே சேர்ந்து நடத்துவது. சக்கர நாற்காலியில் இருப்பவர், புதிதாகக் கட்டிலில் விழுந்தவரின் முதுகைப் பார்த்து, புண் தொடங்கும் இடத்தைக் காட்டிக் கொடுக்கிறார். 2009இல் கப்பல்கள் வந்த வழியை நினைத்துப் பார்க்கையில், அந்தக் காயக்காரர்களிடமிருந்தே அதற்கான அறிவும் பிறந்தது என்பது எனக்கு வியப்பாக இல்லை. வேறெங்கிருந்தும் அது அவர்களுக்கு வரவில்லை.

இவ்வளவும் எழுதிவிட்டு, என் வீட்டுக் கதையை மறைப்பது நேர்மையாகாது. 2010 தைப் பொங்கலுக்கு அடுத்த வாரம் உவர்மலையிலுள்ள எங்கள் வீட்டில் அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்தது. வலப் பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. வைத்தியசாலையிலிருந்து பதினோராம் நாள் துண்டு வெட்டி அனுப்பினார்கள். அம்மா 2014 ஆவணியில் காலமானார். இடைப்பட்ட நான்கரை வருடங்களும் பார்த்தவர் என் அக்கா. நான் கொழும்பிலிருந்து மாதத்துக்கு ஒரு தடவை போவேன். பழங்கள் வாங்கிக்கொண்டு போவேன். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் இருப்பேன். பணம் அனுப்பினேன். பராமரிப்பில் என் பங்கைச் செய்துவிட்டதாக நம்பினேன்.

இரண்டாம் வருடம் அம்மாவின் இடுப்பில் புண் வந்தது. உள்ளங்கை அளவு. அதைக் கண்டதும் நான் அக்காவிடம், "இது எப்படி வந்தது?" என்று கேட்டேன். கேள்வியின் தொனி எனக்கு இன்றும் காதில் இருக்கிறது. அக்கா பதில் சொல்லவில்லை. உப்புநீரைச் சூடாக்க எழுந்து போனார். அந்த மாதங்களில் அவர் ஓர் இரவாவது தொடர்ச்சியாக நான்கு மணித்தியாலம் தூங்கியிருக்கவில்லை என்பதைப் பிறகுதான் அத்தான் சொல்லி அறிந்தேன். அந்த நான்கரை வருடங்களில் 'உனக்கு எப்படி இருக்கிறது' என்று அக்காவைக் கேட்டு எவரும் வரவில்லை. நானும் கேட்கவில்லை.

அம்மாவைத் தூக்கித் தூக்கி அக்காவின் நாரி போய்விட்டது. இப்போது அவருக்கு 64 வயது. குனிந்து எழும்பும்போது சுவரைப் பிடிக்கிறார்.

அவருடைய கடைசி மகள், என் மருமகள், ஜப்பானுக்குப் போவதற்காகத் திருகோணமலையில் மொழி வகுப்புக்குப் போகிறாள். 2019இல் செய்துகொள்ளப்பட்ட உடன்பாட்டின் கீழ் முதியோர் பராமரிப்புப் பணிக்கு இலங்கையிலிருந்து ஆட்களை எடுக்கிறார்கள். இஸ்ரேலுக்கும் அப்படியே பலர் போயிருக்கிறார்கள். மொழியோடு செய்முறைப் பயிற்சியும் உண்டாம். கட்டிலில் கிடப்பவரின் முழங்காலை மடித்து, தோளையும் இடுப்பையும் பிடித்துப் பக்கவாட்டில் உருட்டி, தன் முதுகை வளைக்காமல் கால்களின் பலத்தால் அவரை நாற்காலிக்கு மாற்றுவது எப்படி என்று படிப்பிக்கிறார்கள். வீட்டில் பழகிப் பார்க்க ஆள் வேண்டுமென்று, போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் தன் தாயைப் படுக்க வைத்திருக்கிறாள். அம்மா கிடந்த அதே அறையில், அதே கட்டிலில்.

அன்று இரவு அக்கா தொலைபேசியில் வேறு விடயங்கள் பேசினார். கோணேசர் கோயில் வீதியில் தண்ணீர்க் குழாய் உடைந்தது, மீன் விலை, அத்தானின் சீனி வருத்தம். வைக்கப் போகும் நேரத்தில் சொன்னார்:

"தம்பி, பிள்ளை என்னை ஒரு கையால தூக்கி இருத்திப்போட்டாள். எனக்கு ஒரு நோவும் தெரியேல்ல, அவளுக்கும் பாரம் தெரியேல்ல. இப்பிடித் தூக்கலாமெண்டு அப்ப எனக்கு ஒருத்தரும் சொல்லித் தரேல்லையேடா."